சுண்டு ஒரு நாள் பள்ளிக்குப் போனாள்

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சுண்டு போட்ட குண்டின் புகை இன்னும் அடங்கவில்லை.

“எனக்குப் பெரிய ஸ்கூல்ல படிக்கணும்” என்று ஒரு பத்து வயதுப் பெண் சொன்னால், வேறு எந்த வீட்டிலும் யாரும் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். இந்த வீட்டில் அப்பாவுக்குப் புரை ஏறியது. அம்மா எழுந்து போய், தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

ஏன் என்று, இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுவோம். சுண்டுவின் அம்மா ஒரு டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள். சுண்டுவைப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது, தன் மகளை அந்தக் கூட்டத்தில் நாற்பத்தொன்பதாவதாக உட்கார வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வேலையை விட்டாள். வீட்டு முன்னறையில் இருந்த சோபாவைத் தூக்கி மாடிக்கு அனுப்பினாள். தாழ்வான மேஜைகள் போட்டாள். முதல் மாதம் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு மாணவி. அவளும் வீட்டிலேயே இருக்கிறவள்.

நாலு வருஷத்தில் எட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எல்லாரும் ஒரே அறையில். மணி கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, பரீட்சை கிடையாது. எட்டுக்கு மேல் சேர்ப்பதும் கிடையாது. எட்டு முகத்தைத்தான் ஒரு ஆளால் ஒழுங்காகப் பார்க்க முடியும் என்பது டீச்சரின் கணக்கு.

ஆக, யாருக்காக இத்தனையும் செய்தாளோ அவளே ‘எனக்கு வேறு ஸ்கூல் வேணும்’ என்கிறாள். பாத்திரம் தேயாமல் என்ன செய்யும்?

டீச்சர் முன்பு வேலை பார்த்த பெரிய பள்ளியில் ஒரு ஏற்பாடு உண்டு. சேர நினைக்கிற பிள்ளை, ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம். சுண்டுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதும் இறங்குவதும் அவனுக்குப் பழகிய வேலை. அவன்தான் அந்தப் பள்ளியின் படியேறிப் பேசிவிட்டு வந்தான். அந்த ஒரு நாள் இன்றைக்கு.

*

காலையில் சுண்டு ஷூ போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாள். முன்னறைப் பள்ளியில் எல்லாரும் வெறுங்கால்தான். ஷூவோடு படிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. குதிகாலைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்தாள்.

“அம்மா, பாத்ரூம் போகணும்னா நிஜமாவே கை தூக்கணுமா?”

“ஆமா.”

“தூக்கினதும் விடுவாங்களா?”

“அது அவங்க மூடைப் பொறுத்தது.”

“காலங்காத்தால பிள்ளையைப் பயமுறுத்தாத” என்றான் மெக்கானிக்.

“நான் எங்க பயமுறுத்தினேன்? உள்ளதைச் சொன்னேன்.”

“எனக்கு ஒண்ணும் பயமில்லப்பா” என்றாள் சுண்டு. “எப்படி இருக்கும்னு பாக்கணும், அவ்வளவுதான்.”

அந்த ‘எப்படி இருக்கும்’ பல மாதமாகவே அவளைப் பிடித்து ஆட்டுகிறது. முன்னறைப் பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரங்களில் பின்பக்கத்து முற்றத்தில் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். பெயர், ‘பெரிய ஸ்கூல்’. ஒருத்தர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைமையாசிரியர் மாதிரி உலாத்துவார். மற்றவர்கள் உயரப்படி வரிசையில் நின்று உதட்டில் விரல் வைத்துக்கொள்வார்கள். வரிசையில் யாராவது தும்மினால் வெளியே நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அப்படி ஒரு பள்ளியைப் பார்த்ததே இல்லை என்பதால், சட்டங்கள் நாளுக்கு நாள் கடுமையாகிக்கொண்டே போயின. பெரிய பள்ளியிலிருந்து வந்த பன்னு என்ற பெண்தான் அவ்வப்போது திருத்துவாள். “தும்மலுக்கெல்லாம் வெளிய நிக்க வேண்டாம். சிரிச்சாத்தான் நிக்கணும்.”

இந்த விளையாட்டை முதலில் பார்த்தபோது டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். சுண்டு சிரிக்காமல் பன்னுவிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பைக்கைக் கிளப்பும் முன் மெக்கானிக் டீச்சரிடம் கேட்டான். “ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“போயிட்டு வரட்டும் விடு. புடிக்கலன்னா இன்னையோட முடிஞ்சிடும்.”

“புடிச்சிட்டா?”

மெக்கானிக் கிக்கரை இரண்டு தடவை உதைத்தான். வண்டி முதல் உதைக்கே கிளம்பியிருந்தது.

*

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. கதவுக்கு முன்னறைப் பக்கம் இருந்தால் சுண்டுவுக்கு அம்மா ‘டீச்சர், நீங்க’. அந்தப் பக்கம் போனால் ‘அம்மா, நீ’. இந்தச் சட்டத்தைப் போட்டது டீச்சர்தான். சொந்த மகள் என்று சலுகை காட்டுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதாம். சுண்டு ஒரு நாள்கூடத் தவறியதில்லை. உள்ளே தண்ணீர் குடிக்கப் போய் “அம்மா, பசிக்குது” என்பாள், தம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து “டீச்சர், கணக்கை முடிச்சிட்டேன்” என்பாள்.

இன்று அந்தக் கதவை ஆட்ட ஆளில்லை. ஏழு பேர் மட்டும்.

ஜன்னல் கம்பியில் மெக்கானிக் ஒரு பழைய கப்பி மாட்டிக் கொடுத்திருந்தான். எத்தனை புத்தகத்தை யாரால் தூக்க முடியும், கயிற்றை எப்படிச் சுற்றினால் சுலபம் என்று நேற்று வரைக்கும் அடிதடியாக இருந்தது. இன்று கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதில் மனசு போகவில்லை.

“டீச்சர், சுண்டு இப்ப என்ன பண்ணிட்டிருப்பா?”

“வரிசையில நின்னுட்டிருப்பா” என்றாள் பன்னு, கேள்வி டீச்சரிடம் போய்ச் சேரும் முன்பே.

“நாற்பத்தெட்டுப் பேரு ஒரே நேரத்துல பேசினா எப்படிக் கேக்கும்?” இது பன்னிரண்டு வயதுக்காரன்.

“பேசவே மாட்டாங்க.”

“யாருமேவா?”

“யாருமே.”

அறையில் இருந்தவர்களுக்கு இதை நம்ப முடியவில்லை. செய்து பார்த்துவிடுவது என்று முடிவானது. முன்னறைப் பள்ளியில் எதையும் இப்படித்தான் தீர்த்துக்கொள்வார்கள். ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டார்கள். ஆறு வயதுக் குட்டி, மூச்சையும் சேர்த்து அடக்கியதால் சிவந்துபோய் முதலில் வெடித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தன் சிரித்தான். ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பன்னிரண்டு வயதுக்காரன் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு, “அய்யோ, எப்படித்தான் இருக்காங்களோ” என்று சாய்ந்தான்.

பன்னு மட்டும் அப்படியே இருந்தாள்.

ஜெயித்துவிட்டாய் என்று சொல்லியும் அவள் அசையவில்லை. கண் எங்கோ நிலைகுத்தி இருந்தது. பெரிய பள்ளியில் பன்னு ஒரு வருஷம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. அங்கே ஊமை என்றே நினைத்திருந்தார்கள். இந்த அறைக்கு வந்து மூன்றாவது வாரம் “எனக்குத் தண்ணி வேணும்” என்றாள். அன்றைக்கு டீச்சர் அந்தக் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். இப்போது பன்னுவின் பேச்சை நிறுத்த ஆள் தேட வேண்டியிருக்கிறது.

டீச்சர் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். “பன்னு, என்ன யோசிக்கிற?”

பன்னு கண்ணைச் சிமிட்டினாள். “அங்க நான் இப்படித்தான் டீச்சர் இருப்பேன். சரியா வருதான்னு பாத்தேன். இன்னும் மறக்கல.”

சொல்லிவிட்டு, கயிற்றில் என்ன கட்டலாம் என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

பன்னுவின் அம்மா தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கிறாள். பதினோரு மணி வாக்கில் பிள்ளைகளுக்கு ரொட்டி கொண்டுவந்தாள். முழங்கை வரை மாவு. கூடையை வைத்தாள், போகவில்லை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“சுண்டுவைக் காணோமே. காலைல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு அவங்க அப்பாகூட வண்டியில போனாளே?”

“சும்மாதான். பெரிய ஸ்கூல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்னா. சின்னப்பிள்ளை ஆசை.”

“அப்படியா” என்றாள் பேக்கரிக்காரி. கையிலிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள். “இல்ல, ஒரு நிமிஷம் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. பன்னுவை இங்க சேர்த்தப்ப எங்க வீட்டுல என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்க. பரீட்சை இல்லாம ஒரு ஸ்கூலா, எட்டுப் பேரு ஒரு ஸ்கூலான்னு. ‘அந்த டீச்சர் சொந்தப் பொண்ணையே அங்கதான் படிக்க வைக்கிறாங்க’ன்னு சொல்லித்தான் எல்லார் வாயையும் அடைச்சேன். அதுக்கு மேல யாரும் பேசல.”

டீச்சர் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே நன்றாக இல்லை.

பேக்கரிக்காரியின் பேச்சைக் கேட்டு வந்த குடும்பங்கள்தான் பாதிப் பள்ளிக்கூடம். அவள் பன்னுவை இங்கிருந்து நிறுத்திவிட்டால், அந்தப் பாதியும் பின்னாலேயே போகும். மிச்சம் இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. இங்கிருந்து நின்றால் பன்னு எங்கே போவாள் என்று டீச்சருக்குத் தெரியும். அங்கே எப்படி உட்கார்ந்திருப்பாள் என்பதைச் சற்றுமுன்தான் கண்ணால் பார்த்தாள்.

*

மத்தியானம் மெக்கானிக் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தான். டீச்சர் பஸ் பிடித்துப் பெரிய பள்ளிக்குப் போனாள்.

நாலு வருஷம் கழித்து அந்த வராந்தா. ஈரத் துடைப்பமும் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவும் சேர்ந்த அதே வாசனை. அவளுடைய பழைய வகுப்பின் கதவுக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தார்கள். உள்ளே ஒரு குரல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பாவம், யாரோ.

“வாடி, வழி தெரிஞ்சுதா?” என்று பழைய சிநேகிதி கணக்கு டீச்சர் நாற்காலி இழுத்துப் போட்டாள். “உன் பொண்ணு இன்னைக்கு எங்களை ஒரு வழி பண்ணிட்டா.”

“என்ன பண்ணினா?”

“காலைல ஒரு சின்ன டெஸ்ட் வச்சேன். எழுதிட்டிருந்தவ டக்குன்னு எழுந்தா. முன் வரிசைக்கு நடந்து போனா. ஒரு பையன் பேப்பரைப் பாத்து, ‘ரெண்டாவது வரியில தப்பு விட்டிருக்க, அதான் வரல’ன்னு நிதானமா சொல்லிக்குடுத்துட்டு, திரும்ப வந்து உக்காந்துட்டா. அவன் அப்படியே முழிக்கிறான். கிளாஸே கொல்லுன்னு சிரிக்குது.”

“நீ என்ன சொன்ன?”

“டெஸ்ட்ல சொல்லித்தரக் கூடாதும்மான்னேன். ‘அவனுக்குத் தெரிய வேண்டாமா டீச்சர்?’னு கேக்கறா. நான் என்னத்தைச் சொல்ல? மறுபடியும் எழுந்து போயிடப் போறாளேன்னு கடைசி வரிசையில, ஜன்னல் ஓரமா கொண்டுபோய் உக்கார வச்சேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. பாவம், முகம் சுருங்கிப் போச்சோ என்னவோ.”

டீச்சருக்கு உள்ளே குபீரென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. முடிந்தது, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். நாளைக் காலையில் எட்டுப் பேரும் இருப்பார்கள். பேக்கரிக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த நொடியே அவளுக்குத் தன்னைக் கண்டே வெறுப்பாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு வகுப்பே சிரித்திருக்கிறது, தூக்கி மூலையில் போட்டிருக்கிறார்கள், அதைக் கேட்டு மனசு குளிர்கிறவள் என்ன அம்மா? உள்ளே ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் போல இருந்தது. மணி அடிக்கிற வரை போகக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தது. கதவுகள் திறந்து வராந்தா நிரம்பியது. எல்லாரும் போன பிறகு, ஒரு ஷூவின் கயிறு தரையில் இழுபட, கடைசியாகச் சுண்டு வந்தாள். டீச்சர் அவள் முகத்தில் அழுத தடம் தேடினாள். கண்ணில் இல்லை, கன்னத்தில் இல்லை, மூக்கு நுனியில்கூட இல்லை.

“அம்மா, நீயா வந்திருக்க? அப்பா எங்க?”

“உன் பிரண்ட்ஸுங்களோட கப்பி இழுத்திட்டிருக்காரு” என்றாள் டீச்சர். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

*

பஸ்ஸில் இடம் கிடைத்தது. சுண்டு ஜன்னல் பக்கம்.

“எல்லாரும் சிரிச்சாங்களாமே?”

“ஆமாம்மா. அப்புறம் யோசிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துது. அவங்க அவங்க பேப்பரை அவங்க அவங்கதான் பாத்துக்கணுமாம். அவன் பேரு கேக்கறதுக்குள்ள என்னை மாத்திட்டாங்க.”

“கடைசி வரிசையில தனியா போட்டுட்டாங்கன்னு அழுதியா?”

“அழணுமா?” சுண்டு நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். “அதுதான்மா அங்க நல்ல இடம். அங்க உக்காந்தா எல்லாரோட முதுகும் தெரியும். பக்கத்துல ஒருத்தி புஸ்தகத்துக்கு அடியில பேப்பர் வச்சு ஷூவா வரைஞ்சிட்டிருந்தா. பாடம் முடியறதுக்குள்ள ஏழு ஷூ. அந்த டீச்சர் எங்க பக்கம் வரவே இல்ல. யாருமே என்னைப் பாக்கல. மத்தியானம் முழுக்க.”

பரிசு வாங்கிய பிள்ளை அதை எடுத்துக்காட்டுகிற முகத்தோடு சொன்னாள்.

பிள்ளையைச் சேர்க்க வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் டீச்சர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இங்க ஒரு பிள்ளையும் என் கண்ணுக்குத் தப்பாது. நாலு வருஷமாக அதைத்தான் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“வேற என்ன நடந்துது?”

“மணி அடிச்சா பாதி வாக்கியத்துல நிறுத்திடறாங்க. அது நல்லா இல்ல. பாத்ரூமுக்கு கை தூக்கினேன், விட்டுட்டாங்க. சாப்பிடும்போது ஒரே இரைச்சல், அது நல்லா இருந்துது. அப்புறம் யோசிச்சேன்.”

“யோசிச்சியா?”

“நம்ம ஸ்கூல்ல நான் ஜன்னலைப் பாத்தாலே நீ வந்து உக்காந்து, என்ன யோசிக்கிறன்னு கேப்ப. நான் சொல்லுவேன். சொன்னதும் அது போயிடும். எல்லாரும் சேர்ந்து அதைப் பத்திப் பேசுவோம், அப்புறம் அது எல்லாரோடதும் ஆயிடும். இன்னைக்கு யாரும் கேக்கலையா, அதனால கடைசி வரைக்கும் யோசிச்சேன். ஒரே விஷயத்தை.”

“என்னத்தை யோசிச்ச?”

கேட்ட பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. வாய் முந்திக்கொண்டுவிட்டது.

சுண்டு திரும்பி அவளைப் பார்த்தாள். கோபப்படவில்லை. கிண்டலும் செய்யவில்லை.

“அது என்னோடதும்மா.”

பஸ் எங்கோ நின்றது, யாரோ ஏறினார்கள். டீச்சருக்கு நெஞ்சில் சுருக்கென்று வலித்தது. மகள் பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று அந்த மண்டைக்குள் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. ஒரு மத்தியானத்தில் வந்திருக்கிறது. வலித்துக்கொண்டிருக்கும்போதே, அது என்னவாக இருக்கும், ஷூ வரைகிற பெண்ணைப் பற்றியா, அந்தப் பையனைப் பற்றியா, தன்னைப் பற்றியேவா என்று அவள் மனசு குடைந்துகொண்டிருந்தது. தெரிந்துகொள்ளாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது. தெரிந்துகொள்ளவும் கூடாது.

டீச்சர் வேறு கேள்விக்குப் போனாள்.

“மறுபடியும் போகணுமா?”

“ம்.”

“நம்ம ஸ்கூல் புடிக்கலையா?”

“புடிக்கும். ரொம்பப் புடிக்கும்.” சுண்டு அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “ஆனா அங்க எப்பவும் நீ இருக்கியேம்மா. கதவுக்கு அந்தப் பக்கமும் நீ, இந்தப் பக்கமும் நீ.”

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சுண்டு எதுவும் கேட்கவில்லை. அவளை அவள்பாட்டுக்கு இருக்க விட்டுவிட்டாள்.

*

வீட்டில் மற்ற பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். மெக்கானிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பன்னு அவனுக்குப் பக்கத்தில் நின்று சுருட்டும் முறை தப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரி மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மகளை அழைத்துப்போக வந்து அவள் ஒரு நாளும் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

“வாம்மா சுண்டு. ஸ்கூல் எப்படி இருந்துது?”

“நல்லா இருந்துது ஆன்ட்டி.”

“திரும்பப் போவியா?”

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். மெக்கானிக் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தினான். பன்னுகூட வாயை மூடிக்கொண்டாள்.

இன்னொரு தடவை ‘சும்மா, சின்னப்பிள்ளை ஆசை’ என்று சொல்லிவிட்டால் போதும். பேக்கரிக்காரி நம்பத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டும். டீச்சருக்கு நாக்கு நுனி வரை அது வந்துவிட்டது. சுண்டுவின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை.

“போவா” என்றாள் டீச்சர். “அடுத்த மாசத்துல இருந்து அங்கதான் படிக்கப் போறா. காலைல உங்ககிட்ட மழுப்பிட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

சுண்டுவின் கை அவள் புடவை மடிப்பைப் பிடித்தது. மெக்கானிக் எங்கேயும் பார்க்காமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேக்கரிக்காரி மெதுவாகக் கேட்டாள். “உங்க பொண்ணுக்கே இந்த ஸ்கூல் போதலயா டீச்சர்?”

“போதாம இல்லங்க. அவளுக்கு நான் அதிகமாப் போயிட்டேன்.”

 

“அப்ப என் பொண்ணுக்கு?”

“பன்னுவுக்கு இந்த அறை வேணும். நான் வேணும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அவ போகணும்னு கேக்கற நாள் ஒண்ணு வரும். அது இன்னைக்கு இல்ல.”

“உங்க பொண்ணு விஷயத்துல உங்களுக்கே தெரியலையே. என் பொண்ணு விஷயத்துல எப்படி நிச்சயமாச் சொல்றீங்க?”

கேட்டதில் குத்தல் இல்லை. பயம்தான் இருந்தது. டீச்சருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் அவளுக்கு இஷ்டமில்லை.

“நாளைக்கு அனுப்புவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“வீட்டுல பேசணும் டீச்சர்.”

பேக்கரிக்காரி எழுந்தாள். பன்னுவின் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டாள். பன்னு யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், குனிந்து மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போன பேக்கரிக்காரி திரும்பி உள்ளே வந்தாள். வழக்கமாக மகள் இங்கேயே அலமாரியில் விட்டுவிட்டுப் போகும் பென்சில் டப்பாவை எடுத்தாள். பக்கத்தில் இருந்த அவளுடைய தம்ளரையும் எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் தடுக்கவில்லை.